லீவு போட்டும் களைப்பு தீராதது ஏன்?

வேலையில் சோர்ந்து போனவரிடம் "ரெண்டு நாள் லீவு போட்டுத் தூங்குங்க" என்று சொல்வது சுலபம். அவரும் போடுவார். திங்கட்கிழமை காலையில் அதே பாரமான தலையோடு லேப்டாப்பைத் திறப்பார். பல நேரம் கோளாறு லீவு கழிந்த விதத்தில்தான் இருக்கிறது.

இந்த நிலைக்குப் 'பர்ன்அவுட்' என்ற பெயரை ஆய்வுலகில் பரப்பியவர் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நியூயார்க்கில் இலவச மருத்துவ மையம் ஒன்றில் உழைத்தவர்களைப் பார்த்து 1974-இல் எழுதினார். உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்று சொல்வதில்லை. சரியாகக் கையாளப்படாமல் நீடிக்கும் வேலை அழுத்தத்தின் விளைவு என்கிறது. தீராத களைப்பு, வேலைமேல் வெறுப்பு அல்லது ஒட்டாத தன்மை, 'நம்மால் ஒன்றும் உருப்படியாக ஆகவில்லை' என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள்.

பலரும் செய்யும் முதல் தவறு, ராத்திரி பதினொன்றுக்கு மேல் 'எனக்கான நேரம்' தேடுவது. பகல் முழுக்க மேனேஜருக்கும் பிள்ளைகளுக்கும் போய்விட்டது, இதையாவது விடமாட்டேன் என்று போனை எடுத்துப் படுத்தால் மணி ஒன்றரை. மறுநாள் தூக்கக் கலக்கம், அதற்கு மூன்று காபி. காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும்; மாலை ஆறு மணி காபி ராத்திரியும் கூடவே இருக்கும். அன்றும் தூக்கம் தள்ளிப்போகும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். அந்த எனக்கான நேரத்தில் அரை மணியை மாலைக்கே நகர்த்தப் பாருங்கள். வீட்டில் சண்டை வரலாம், வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை விஷயமும் இப்படித்தான், பெண்களுக்கு இன்னும் மோசம். ஒரு வாரத்து இட்லி மாவு, துவைக்காத துணி, உறவுக்காரர் வீட்டு விசேஷம் எல்லாம் அன்றைக்குத்தான் குவியும். அதற்கு விடுமுறை என்று பெயர். கடையில் மாவு வாங்கினால் குற்ற உணர்ச்சி வேறு. மாவை வாங்கிவிடுங்கள், ஒரு வாரம் சட்னி சுமாராக இருந்தாலும் யாரும் கோபித்துக்கொண்டு போய்விட மாட்டார்கள்.

அடுத்தது கொஞ்சம் சூட்சுமமானது. முக்கியமான வேலையைக் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டுவிட்டு, சரியாக வராதபோது "நேரமே கிடைக்கலை" என்று சொல்வது. திறமை போதவில்லை என்ற பேச்சு வராமல் காப்பாற்றிக்கொள்ள நாமே ஒரு தடையை உண்டாக்கிக்கொள்கிறோம். உளவியலாளர்கள் பெர்க்லாஸும் ஜோன்ஸும் 1978-இலேயே இதைச் சோதனையில் காட்டினார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து நம்மை நாமே திட்டிக்கொண்டால் பயம்தான் கூடும், வேலை இன்னும் தள்ளிப்போகும். அரைகுறையாக ஒரு பக்கம் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் காட்டிவிடுவது மேல்.

அப்புறம், ஓய்வையே வேலையாக்கிவிடுவது. ஐந்து மணிக்கு யோகா, ஆறுக்கு தியானம், பத்தாயிரம் அடி நடை, எல்லாவற்றுக்கும் ஆப்பில் டிக். ஒரு நாள் தவறினால் மனசு உறுத்தும். சாப்பாட்டுக்குப் பின் தெருவில் சும்மா ஒரு நடை போனாலே போதும்.

எண்ணெய்க் குளியல் நல்லதுதான். ஆனால் இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டியிருந்தால் எந்தக் குளியலும் அதைத் தீர்க்காது. எதை நிறுத்த வேண்டும் என்று மேலதிகாரியிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்: "இந்த வாரம் இரண்டில் எது முதலில்?" என்று மெயிலில் கேட்டால், பதிலும் எழுத்தில் வரும்.

எல்லாக் களைப்பையும் பர்ன்அவுட் கணக்கில் எழுதுவதும் தவறு. ரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைபாடு எல்லாமே இப்படித்தான் ஆளைச் சாய்க்கும். டாக்டரிடம் கேட்டு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம். வேலை மட்டுமல்லாமல் பிடித்த பாட்டு, சாப்பாடு, பேச்சு எதுவுமே இரண்டு வாரமாக ருசிக்கவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் பார்க்க வேண்டாம், உடனே பேசுங்கள். இந்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.