கோளக் கொத்தில் கனமான விண்மீன்கள் நடுவில்தானா? நீங்களே சோதிக்கும் வழி

லட்சக்கணக்கான விண்மீன்கள் ஈர்ப்பால் பந்துபோல் திரண்டிருப்பதே கோளக் கொத்து. அதற்குள் விண்மீன்கள் ஒன்றையொன்று நெருங்கிக் கடக்கும்போதெல்லாம் ஆற்றல் கைமாறுகிறது. கனமானது வேகம் இழந்து மையத்தை நோக்கி இறங்கும், லேசானது வெளியே பரவும். நிறைவாரியான இந்தப் பிரிவைப் படித்து நம்புவதைவிடத் தரவில் பார்ப்பதே எனக்குப் பிடிக்கும். பொதுவில் கிடைக்கும் ஹப்பிள் தொலைநோக்கியின் விண்மீன் அட்டவணையும் ஒரு கணினியும் போதும்.

47 டுகானே கொத்தில் தொடங்குங்கள். அதன் பின்னால் சிறிய மெகல்லன் மேகம் என்ற சிறு விண்மீன் மண்டலம் இருக்கிறது. அந்த மேகத்தின் விண்மீன்களை வானில் நகரும் வேகத்தை வைத்து முதலில் களைந்துவிடுங்கள். இல்லையென்றால் அவை கொத்தின் மங்கலான விண்மீன்களாக வேடமிட்டு வெளிப்புறத்தை நிரப்பிவிடும்.

பிறகு ஒவ்வொரு விண்மீனின் நிறத்தையும் பொலிவையும் புள்ளியாக வைக்கும் நிறம்–பொலிவு வரைபடம். மையத்தில் ஹைட்ரஜனை எரிக்கும் விண்மீன்களின் கோடுதான் முதன்மை வரிசை; அது பெருமீன்களை நோக்கித் திரும்பும் முனையில் இருப்பவை ஏறக்குறைய 0.9 சூரிய நிறை. செம்பெருமீன்களும் கிட்டத்தட்ட அதே நிறைதான். முனைக்கு மேலே, நீலப் பக்கம் சிதறிக் கிடப்பவை ப்ளூ ஸ்ட்ராக்லர்கள். 1953-இல் வானியலாளர் ஆலன் சாண்டேஜ் எம்3 கொத்தில் முதலில் கண்டவை இவைதான். இரண்டு விண்மீன்கள் இணைந்தோ, துணையிடமிருந்து பொருளை வாங்கியோ உருவானதால் முனையில் இருப்பவற்றைவிட இவை கனமானவை.

பலரும் பிரகாசமானவற்றையும் மங்கலானவற்றையும் நேராக ஒப்பிடுகிறார்கள். அது ஆபத்து. மையத்தின் நெரிசலில் மங்கலானவை பக்கத்து ஒளியில் மறைந்துபோகும். இல்லாத பிரிவு இருப்பதாகத் தெரியும். ஆகவே முதல் ஒப்பீடு ப்ளூ ஸ்ட்ராக்லர்களுக்கும் அதே அளவு பொலிவுள்ள பெருமீன்களுக்கும் இடையே இருக்கட்டும். நெரிசல் இரண்டையும் ஒரேபோல் பாதிக்கும், நிறைதான் வேறு. மையத்திலிருந்து ஒவ்வொன்றின் தூரத்தையும் கணக்கிட்டு, இந்தத் தூரத்துக்குள் எத்தனை சதவீதம் என்று இரு வளைகோடுகள் வரையுங்கள். ப்ளூ ஸ்ட்ராக்லர் கோடு மையத்தருகே சட்டென்று ஏறும். இரு வளைகோடுகளை ஒப்பிடும் கொல்மோகோரோவ்–ஸ்மிர்னோவ் என்ற புள்ளியியல் சோதனை, அந்த வேறுபாடு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும்.

0.5 சூரிய நிறை விண்மீன்களுக்கு இறங்கும்போது வேலை கூடும். படத்தில் செயற்கை விண்மீன்களைத் தூவி, எத்தனை மீண்டும் கண்டுபிடிக்கப்படுகின்றன என்று மையத்தைச் சுற்றிய ஒவ்வொரு வளையத்திலும், ஒவ்வொரு பொலிவிலும் அளந்து திருத்த வேண்டும். சில ஹப்பிள் அட்டவணைகளில் இந்தச் சோதனை முடிவுகள் கூடவே வரும், அப்படிப்பட்டதையே தேர்ந்தெடுங்கள்.

அடுத்து ஒமேகா சென்டாரி என்ற பெரிய கொத்து. அங்கே ஆற்றல் கைமாறிச் சமநிலைக்கு வர மிக நீண்ட காலம் ஆகும், அதனால் பிரிவு மிக மெலிதாகவே இருக்கும். உங்கள் கோடுகள் அங்கேயும் பெரிதாக விலகினால் நெரிசல் திருத்தத்தைத்தான் மறுபடி பாருங்கள்.