பழைய கிலிம் வாங்கும் முன் சாயத்தைச் சோதிப்பது எப்படி?

துருக்கியின் அனதோலியாவில் வாழும் யோருக், தெற்கு ஈரானின் காஷ்காய் போன்ற மேய்ச்சல் குடிப் பெண்கள் கம்பளி நூலில் நெய்த விரிப்புகளே கிலிம்கள். முடிச்சு கிடையாது, பவானி ஜமுக்காளம் போல, குறுக்கே ஓடும் ஊடை நூல், நீளவாக்கில் ஓடும் பாவு நூலை முழுவதும் மூடிவிடும். சேகரிப்பவர்களை மயக்குவது முதலில் நிறம்தான். எனவே விற்பவர் சொல்லும் வயதை ஒதுக்கிவைத்துவிட்டு நிறத்திலிருந்து தொடங்குங்கள்.

படி 1: பகல் வெளிச்சத்தில் விரியுங்கள். கடை விளக்கையோ கைபேசி விளக்கையோ நான் நம்புவதில்லை.

படி 2: எனக்குப் பிடிபட அதிக நாள் எடுத்தது இதுதான். இரு நிறங்கள் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு ஊடையும் தன் எல்லைப் பாவு நூலைச் சுற்றித் திரும்பிவிடும். நடுவே சிறு பிளவு இருக்கும். அதை நகத்தால் மெதுவாக விலக்கி, பாவு நூலை ஒட்டிய, வெயில் படாத பக்கத்தைப் பாருங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மேலே சாம்பல் நிறம், உள்ளே பளிச்சென்ற கருஞ்சிவப்பு ஊதா என்றால் அது செயற்கைச் சாயம். 1856இல் ஆங்கில வேதியியலாளர் பெர்கின் முதல் அனிலின் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அவ்வகைச் சாயங்கள் வந்தன. மஞ்சிட்டி இனத்து வேரில் எடுத்த சிவப்போ, மங்கினாலும் சிவப்பாகவே நிற்கும்.

படி 3: விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியை ஓரத்தில் அழுத்துங்கள். சிவப்பு ஒட்டினால் எச்சரிக்கை.

படி 4: கரும்பழுப்புக் கோடுகளை விரலால் தடவுங்கள். இரும்பு சேர்த்த சாயம் காலப்போக்கில் கம்பளியை அரித்துவிடும். பக்கத்துச் சிவப்பு தடிப்பாக நிற்க, கறுப்பு மட்டும் பள்ளமாக இறங்கியிருக்கும். இந்தத் தேய்மானத்தைத் தொட்டுணர்வது எனக்கு அலுப்பதே இல்லை.

பின்சேர்க்கை: “மேலே நீலம், உள்ளே பச்சை, இதுவும் செயற்கையா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அப்படி முடிவுகட்ட வேண்டாம். அவுரி நீலத்தோடு தாவர மஞ்சளையும் ஏற்றித்தான் பச்சையைப் பெற்றார்கள். வெயிலில் மஞ்சள் முதலில் போய்விடும்.

இன்னொன்று: இயற்கைச் சாயம் இருப்பதே பழமைக்குச் சான்றாகாது. 1981இல் மேற்குத் துருக்கிக் கிராமங்களில் தொடங்கிய தோபாக் திட்டம் அந்தச் சாயங்களை மீட்டெடுத்தது. படி 2 மட்டும் தேறிய விரிப்புக்குப் பழம்பொருள் விலை கொடுக்காதீர்கள்.