அண்ணன் நோட்ஸும் பட்ஜெட் பேப்பரும்: சிஏ இன்டர் டாக்ஸ், லா படிக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அலுவலகம் பூட்டித்தான் கிடக்கும். மாடி அறையை மட்டும் திறந்து விடுவேன். சிஏ இன்டர், அதாவது சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் படிப்பின் இடைநிலைத் தேர்வு, எழுதுகிற பிள்ளைகள் ஐந்தாறு பேர் வந்து உட்கார்ந்து படிப்பார்கள். 2025 ஆகஸ்டில், செப்டம்பர் அட்டெம்ப்ட்டுக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு பெண் போட்டிருந்த கணக்கை எட்டிப் பார்த்தேன். மொத்த வருமானம் 11,40,000 ரூபாய். கட்ட வேண்டிய வரி: ஒன்றும் இல்லை. அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டு அழகாக முடித்திருந்தாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தப்பு, எண்கள் மட்டும் வேறு.

கையெழுத்து அழகாக இருக்க வேண்டும், முதல் நாள் ராத்திரி கண் விழிக்கக் கூடாது, நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

எந்த வருடத்துச் சட்டம் என்று பார்க்காமல் படிப்பது

மற்றத் தவறுகளைக்கூட மன்னித்துவிடுவேன். இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. காரணம், இதில் மாட்டுகிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. நன்றாகப் படித்தவர்கள், தப்பான சட்டத்தை நன்றாகப் படித்திருப்பார்கள்.

அந்தப் பெண்ணின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் தேர்வுக்கு உரியது 2024-25 முந்தைய ஆண்டு (பணம் சம்பாதித்த ஆண்டு), அதாவது 2025-26 மதிப்பீட்டு ஆண்டு (அதற்கு வரி கணக்கிடும் ஆண்டு). அந்த ஆண்டுக்குப் புதிய வரிமுறையில் முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை. 3 முதல் 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு 20,000. 7 முதல் 10 வரை 10 சதவீதம், 30,000. மிச்சம் 1,40,000-க்கு 15 சதவீதம், 21,000. கூட்டினால் 71,000. 4 சதவீத செஸ் சேர்த்தால் 73,840 ரூபாய். 87ஏ தள்ளுபடி (குறைந்த வருமானக்காரர்களின் வரியையே நீக்கிவிடும் சலுகை) அந்த ஆண்டில் 7 லட்சத்தோடு நின்றுவிடும். 7 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியவர்களுக்கு ஒரு சிறு நிவாரணம் உண்டு, 11 லட்சத்துக்காரருக்கு அதுவும் கிடையாது.

அவள் போட்டது 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் வந்த அடுக்கு. அதில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10 சதவீதம். வரி 54,000 வரும். தள்ளுபடி 60,000 வரை உண்டு என்பதால் கணக்கு பூஜ்யத்தில் முடியும். போட்ட விதத்தில் ஒரு பிழை கிடையாது. ஆனால் அது 2025-26-இல் சம்பாதித்த பணத்துக்கான சட்டம். "12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்களே சார்?" என்றாள். எல்லாரும் சொன்னது சரிதான். எல்லாரும் செப்டம்பரில் தேர்வு எழுதவில்லையே.

என் கதை 2018 மே. அந்த பிப்ரவரி பட்ஜெட்டில் சம்பளக்காரர்களுக்கு, செலவுக் கணக்கு எதுவும் காட்டாமல் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் 40,000 ரூபாய் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் திரும்ப வந்தது. பேப்பரைத் திறந்தால் அது, டிவியைப் போட்டால் அது, சாப்பிடும்போது அப்பா பேசுவதும் அதுதான். தேர்வில் ஒரு சம்பளக் கணக்கு வந்தது. யோசிக்காமல் 40,000 கழித்தேன். அதற்குப் பதிலாக விலக்கை எடுத்துவிட்டார்களே என்று டிரான்ஸ்போர்ட் அலவன்ஸ் முழுவதையும் வரிக்குள் தள்ளினேன். என் தேர்வுக்கு உரிய 2017-18 ஆண்டில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனே கிடையாது. டிரான்ஸ்போர்ட் அலவன்ஸில் மாதம் 1,600 ரூபாய்க்கு விலக்கு உண்டு. ஒரே கணக்கில் இரண்டு இடத்தில் சறுக்கினேன், அதற்குக் கீழே வந்த கூட்டல் ஒவ்வொன்றும் சேர்ந்து சறுக்கியது.

டாக்ஸில் வந்தது 37. தேவை 40. அக்கவுண்ட்ஸில் 58, அந்தப் பேப்பரை மறுபடி எழுதாமலிருக்க எக்ஸெம்ப்ஷன் கிடைக்க 60 வேண்டும். ஆக, குரூப் மொத்தமும் முதலிலிருந்து. அந்த மூன்று மார்க் இந்தக் கணக்கில்தான் போனதா என்று என்னால் நிரூபிக்க முடியாது. வேறு எங்கேயாவதுகூடப் போயிருக்கலாம். ஆனால் தேர்வு அறையை விட்டு வெளியே வந்து, பக்கத்து பெஞ்ச் பையன் "ட்ரான்ஸ்போர்ட் அலவன்ஸ்ல 19,200 கழிச்சீங்களா?" என்று கேட்ட அந்த நிமிஷம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இதே தப்பு பின்பக்கமாகவும் நடக்கும். அதற்குப் பெயர் அண்ணன் நோட்ஸ். பாஸ் பண்ணிப் போன சீனியர் ஸ்பைரல் பைண்டிங் போட்ட கட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார். மூன்று நிறத்தில் ஹைலைட்டர், ஓரத்தில் நட்சத்திரக் குறி. அது ஒரு சொத்து மாதிரி கைமாறும். கம்பெனி சட்டத்தில் சிறு நிறுவனம் என்றால் எது என்பதை மட்டும் பாருங்கள். 2013 சட்டத்தில் செலுத்தப்பட்ட மூலதனம் 50 லட்சத்துக்குள், விற்றுமுதல் 2 கோடிக்குள். 2021-இல் 2 கோடி, 20 கோடி ஆனது. 2022 செப்டம்பரில் 4 கோடி, 40 கோடி. 2025 டிசம்பரில் 10 கோடி, 100 கோடி. அண்ணன் எந்த வருடம் பாஸ் பண்ணினாரோ அந்த எண்தான் நட்சத்திரக் குறியோடு இருக்கும். அண்ணனைக் குறை சொல்ல முடியாது, அவர் பாஸாகிவிட்டார்.

வருமான வரியில் மூலதன ஆதாயம் இன்னும் மோசம், 2024-25 என்ற ஒரே ஆண்டுக்குள்ளேயே சட்டம் இரண்டாக உடைந்தது. 2024 ஜூலை 23-க்கு முன்னால் பட்டியலிட்ட பங்கை விற்றிருந்தால் குறுகிய கால ஆதாயத்துக்கு 15 சதவீதம், அன்று முதல் 20. நீண்ட கால ஆதாயத்துக்கு 10 சதவீதம் 12.5 ஆனது. அந்த ஆண்டுக் கணக்கில் விற்ற தேதியைப் பார்க்காமல் விகிதத்தை எழுதவே முடியாது. அடுத்த ஆண்டுக் கணக்கில் அந்தத் தேதிக்கு அப்படி ஒரு வேலையே இல்லை.

இனிமேல் இந்தக் குழப்பம் கூடத்தான் செய்யும். 1961 சட்டத்தின் இடத்தில் 2025 வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் கணக்கு போய் வரி ஆண்டு என்று ஒன்றே ஒன்று வருகிறது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோமே 80சி (சேமிப்புக்கான கழிவு), அது அங்கே 123-ஆம் பிரிவு. பழைய புத்தகமும் புதிய புத்தகமும் ஒரே மேஜையில் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, என்ன செய்வது? நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு வரி எழுதச் சொல்கிறேன்: என் தேர்வு மாதம், எந்த நிதிச் சட்டம் (பட்ஜெட்டோடு வரும் சட்டம்), எந்த ஆண்டு, ஜிஎஸ்டிக்கும் கம்பெனி சட்டத்துக்கும் எந்தத் தேதி வரையிலான திருத்தங்கள். வருமான வரிக்கு ஆண்டுதான் எல்லை. மற்றதற்கு ஒரு வெட்டுத் தேதி இருக்கும், மே தேர்வு என்றால் வழக்கமாக முந்தைய அக்டோபர் 31. இதெல்லாம் சிஏ தேர்வை நடத்தும் இன்ஸ்டிடியூட் வெளியிடும் ஆர்டிபியிலும் (தேர்வுக்கு முன் வரும் மீள்பார்வைத் தொகுப்பு) ஸ்டாட்யூட்டரி அப்டேட்டிலும் இருக்கிறது, இலவசம்தான். அதை எடுத்துப் பார்க்காமல் வாட்ஸ்அப்பில் வந்த "அமெண்ட்மெண்ட் ஒரே பக்கத்தில்" என்ற பிடிஎஃப்பை மூன்று நாள் படிப்பவர்களை என்ன சொல்ல?

செக்‌ஷன் எண்ணைப் பிடித்துத் தொங்குவது

எண் நினைவில் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் "கம்பெனிகள் சட்டம் 2013-இன்படி" என்று ஆரம்பித்து விதியைச் சொல்லுங்கள். தப்பான எண்ணை எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கதையை மறந்துவிட்டு விதியை ஒப்பிப்பது

லா பேப்பரில் கேள்வி ஒரு கதையாக வரும். ஒரு கம்பெனி செப்டம்பர் 1-ஆம் தேதி பொதுக்கூட்ட அறிவிப்பைத் தபாலில் அனுப்பியது, 22-ஆம் தேதி கூட்டம், செல்லுமா? நம் பிள்ளைகள் "21 முழு நாட்கள் வேண்டும்" என்று எழுதிவிட்டு, இருக்கிறதே, செல்லும் என்று முடித்துவிடுகிறார்கள். விரல் விட்டு எண்ண வேண்டும். தபாலில் போட்டால் 48 மணி நேரம் கழித்துத்தான் கிடைத்ததாகக் கணக்கு, அதாவது 3-ஆம் தேதி. கிடைத்த நாளையும் கூட்டம் நடக்கும் நாளையும் விட வேண்டும். 4 முதல் 24 வரை 21 நாள். ஆக, கூட்டத்தை 25-ஆம் தேதிக்கு முன்னால் வைக்க முடியாது. குறுகிய அறிவிப்புக்கு உறுப்பினர்கள் சம்மதித்ததாகக் கதையில் எதுவும் இல்லையென்றால், 22-ஆம் தேதிக் கூட்டம் செல்லாது. இந்த எண்ணிக்கையைத் தாளில் காட்டினால்தான் மார்க். விதி, கதை அதற்கு எங்கே பொருந்துகிறது, முடிவு என்று மூன்றும் வேண்டும். முடிவை மட்டும் சரியாக ஊகித்து எழுதினால், ஊகத்துக்கு உரிய மார்க்தான் வரும்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் அப்படித்தான் வந்தேன். பயத்தில் முழு செக்‌ஷனையும் கமா உட்பட மனப்பாடம் செய்வோம், நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் போய்விடும். விதியை முதலில் தமிழில் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வந்துவிட்டால், நாலு சின்ன ஆங்கில வாக்கியத்தில் எழுதிவிடலாம். "ஷல்", "மே", "ப்ரொவைடட் தட்" (கட்டாயம், அனுமதி, நிபந்தனை) மூன்றையும் மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

ஜிஎஸ்டி கிரெடிட்டை இஷ்டத்துக்குக் கழிப்பது

கிரெடிட் என்பது வாங்கும்போதே கட்டிவிட்ட வரி. அதில் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையிலான வியாபார வரி) கிரெடிட்டை முதலில் முழுதாகத் தீருங்கள். சிஜிஎஸ்டியை (மத்திய அரசின் பங்கு) எஸ்ஜிஎஸ்டிக்கோ (மாநில அரசின் பங்கு) எஸ்ஜிஎஸ்டியை சிஜிஎஸ்டிக்கோ கழிக்க முடியாது.

விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது

அது படிப்பதில் சேராது.

எம்சிக்யூவை விட்டுவிட்டு வருவது

கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், 30 மார்க். நெகட்டிவ் மார்க் கிடையாது. போன முறை ஒரு பையன் தெரியாது என்று நான்கு கேள்வியை வெறுமையாக விட்டுவிட்டு வந்திருக்கிறான். ஏன் என்று கேட்டேன். "தப்பா எழுத மனசு வரல சார்" என்றான்.