மழைக்காலத்தில் கேம்பர் வேனைப் பூசணம் பிடிக்காமல் நிறுத்திவைக்கும் முறை

தீபாவளி முடிந்ததும் பினாங்கில் வேனில் ஊர்சுற்றும் எங்களைப் போன்றவர்களுக்குப் பயணம் குறைந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையின் காரணமாக, மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் உள்ள தங்குமிடங்களில் பெரும்பாலானவை நவம்பரில் மூடப்படுகின்றன. கிழக்குக் கரையோரத்தில் கூடாரம் போடவும் அப்போது யாரும் துணிவதில்லை. ஆகவே படுக்கையும் நீர்த்தொட்டியும் அடுப்பும் பொருத்திய வேன், தைப்பூசம் கழியும்வரை இரண்டு மாதங்களுக்கு மேலாக வீட்டு வாசலில் நிற்கிறது.

முதல் ஆண்டு நான் வேனைக் கழுவி, அன்று மாலையே நீலத் தார்ப்பாயால் முழுவதுமாகச் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். ஒரு சொட்டு மழையும் உள்ளே இறங்கவில்லை. ஆனால் தைப்பூசத்துக்கு மறுவாரம் கதவைத் திறந்தபோது மெத்தையின் அடிப்புறம் முழுவதும் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்திருந்தது; திரைச்சீலையைத் தொட்டால் கையில் ஒட்டியது. மழையைத் தடுத்துவிட்டதாக எண்ணிக்கொண்டு, ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன். கீழே உள்ள முறை அந்தத் தவற்றிலிருந்து உருவானது.

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை பனி கொட்டும் நாடுகளுக்கு எழுதப்பட்டவை. அங்கே குழாயில் தங்கிய நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருத்துக் குழாயைப் பிளந்துவிடும் என்பதால், உறைதலைத் தடுக்கும் இளஞ்சிவப்புத் திரவம் ஒன்றைக் குழாய்களில் ஓடவிடுகிறார்கள். கூரையில் குவியும் பனியின் பாரத்தையும் அவ்வப்போது இறக்குகிறார்கள். நமக்கு அந்தத் திரவம் தேவையில்லை. தொட்டியைக் காலி செய்யும் வேலை மட்டும் நமக்கும் உண்டு, ஆனால் காரணம் வேறு.

முதற்படி: இடம் தேர்தல்

2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கைப் புரட்டிப்போட்ட புயல்மழையைக் கண்டவர்கள், வாகனத்தைத் தாழ்ந்த இடத்தில் நிறுத்துவதற்கு இன்றும் தயங்குவார்கள். உங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) எந்த மூலையில் முதலில் தண்ணீர் ஏறும் என்பது அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும், அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்சானா மரத்தின் நிழல் இதமானதுதான் என்றாலும், காற்றடித்தால் கிளை முறியும். மண்தரையைவிடச் சிமெண்டுத் தரை நல்லது. மண்தரைதான் கிடைக்கும் என்றால் சக்கரங்களுக்கு அடியில் பலகை போடுங்கள். காப்புறுதிப் பத்திரத்தையும் இத்தருணத்தில் எடுத்துப் பாருங்கள். முழுமையான காப்புறுதி எடுத்திருந்தாலும், வெள்ளச் சேதத்துக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியே வாங்கியிருந்தால்தான் பொதுவாக இழப்பீடு கிடைக்கும்.

இரண்டாம் படி: ஒழுகல் பார்த்தல்

வெயில் உள்ள ஒரு காலைப்பொழுதில் ஒருவர் டார்ச் விளக்குடன் வேனுக்குள் அமர, மற்றொருவர் வெளியிலிருந்து தோட்டக் குழாயால் நீர் விடவேண்டும். கீழிருந்து மேலாகச் செல்வது முக்கியம்: முதலில் கதவின் அடிப்பகுதி, அடுத்துச் சன்னல் விளிம்பு, கடைசியாகக் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது நீர் விழட்டும். கூரையிலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடத்திலும் வழிந்தோடி, எந்த இடுக்கின் வழியே உள்ளே வந்தது என்பது தெரியாமல் போய்விடும்.

காற்றுப்போக்கி, சூரியத் தகடு ஆகியவற்றுக்காகக் கூரையில் துளையிட்ட இடங்களே பெரும்பாலும் ஒழுகும். விரிசல் கண்ட பழைய நீர்த்தடுப்புப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடம் நன்கு உலர்ந்த பிறகே புதிய பூச்சைப் போடவேண்டும். ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும், காடி (வினிகர்) நெடி வீசும் சிலிக்கோனை வாங்காதீர்கள். அது இரும்புத் தகட்டை அரிக்கும் தன்மையுடையது, மேலும் ஒருமுறை சிலிக்கோன் பூசிய இடத்தில் வேறெந்தப் பூச்சும் சரியாகப் பிடிக்காது.

மூன்றாம் படி: நீரும் எரிவாயுவும்

நல்ல நீர்த்தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, இறைப்பான், குழாய் ஆகிய அனைத்தையும் காலி செய்து, திருகுகளைத் திறந்தே விட்டுவிடுங்கள். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுவளர்ச்சி அடைய நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள்கள் போதும். தேங்கிய நீர் ஒரு கிண்ணம் இருந்தாலே அதற்கு நிறைவு. தொட்டியின் மூச்சுக்குழாய் வாயில் மெல்லிய வலையைக் கட்டுவது நல்லது. எரிவாயுத் தோம்பையும் சிறிய பியூட்டேன் குப்பிகளையும் வேனில் விடவே கூடாது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையோடு தங்கிவிடும். சன்னல் மூடிய வேனின் உள்வெப்பமோ அக்குப்பிகளில் அச்சிட்டிருக்கும் 50 டிகிரி எல்லையை எளிதில் தாண்டும்.

நான்காம் படி: உலர்த்துதல்

இந்தப் படிக்கு இரண்டு முழு நாள்களை ஒதுக்குங்கள். வேனைக் கழுவிய அன்றே மூடும் ஆசை வரும். எனக்கு வந்த அதே ஆசைதான். மெத்தை, தலையணை, திரைச்சீலை, கால்மிதி அனைத்தையும் வீட்டுக்குள் கொண்டுபோங்கள். மெத்தையை வைக்க வீட்டில் இடமில்லை என்றால், வேனுக்குள்ளேயே சுவரில் படாதபடி செங்குத்தாக நிறுத்திவையுங்கள். படுக்கவைத்தால் அடிப்பக்கத்துக்குக் காற்றே கிடைக்காது. குளிர்பெட்டியின் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு துணிச்சுருளைச் செருகுங்கள். அலமாரிக் கதவுகளும் திறந்தே இருக்கட்டும். பின்பு, எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து, வீட்டு மின்விசிறியை உள்ளே ஓடவிடுங்கள். ஏற்கெனவே பூசணம் தெரிந்தால் அந்த இடத்தைக் காடியால் துடையுங்கள். காடியுடன் குளோராக்ஸ் போன்ற வெளுப்பானைக் கலந்துவிடாதீர்கள். அக்கலவையிலிருந்து நச்சு வாயு எழும்.

அடுத்து வேனுக்குள் காற்று வந்துபோக விடுவதா, இறுக அடைத்துவிட்டு ஈரம் உறிஞ்சும் டப்பாக்களை வைப்பதா என்று முடிவு செய்யவேண்டும். பலர் இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள்; அது வீண். சன்னல் திறந்திருந்தால், அந்த டப்பாவில் உள்ள கால்சியம் குளோரைடு பினாங்குத் தீவின் காற்று முழுவதையும் உலர்த்த முயன்று சில நாள்களில் நிரம்பிவிடும். மின்சாரம் எட்டாத இடத்தில் நிற்கும் வேனுக்குக் காற்றோட்டமே சிறந்தது என்பது என் கருத்து: கூரைக் காற்றுப்போக்கியை மழைமூடியுடன் சிறிது திறந்து வைத்து, எதிர்ப்புறச் சன்னலில் கொசுவலையுடன் இரண்டு விரல் அளவு இடைவெளி விட்டாலே போதும். வீட்டு மின்சாரம் எட்டுமானால், நன்கு அடைத்த வேனில் சிறிய ஈரநீக்கி இயந்திரத்தை வைத்து, ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கலாம். டப்பாக்களையே நம்புபவர்கள் அவற்றை ஒரு பேசினுக்குள் வைக்கவேண்டும். சிந்திய நீர் இரும்பைத் தின்பதோடு எளிதில் காய்வதும் இல்லை.

ஐந்தாம் படி: எலி, பேட்டரி, டயர்

உணவுப்பொருள் ஒன்றும் உள்ளே இருக்கக்கூடாது. மறந்துபோன ஒரு பாக்கெட் மேகி மீயே ஓர் எலிக் குடும்பத்துக்கு அழைப்பிதழ். தரையில் குழாயும் கம்பியும் நுழையும் துளைகளைத் துருப்பிடிக்காத கம்பிநாரால் அடையுங்கள்.

எஞ்சின் பேட்டரியை முழுமையாக மின்னேற்றிய பிறகு, முதலில் எதிர்முனையைக் கழற்றுங்கள். ஈய அமிலப் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டவேண்டும், 12.4-க்குக் கீழே இறங்கினால் மறுபடி மின்னேற்றவேண்டும். வீட்டுச் சாதனங்களுக்கான லித்தியம் பேட்டரியை, மாறாக, ஏறத்தாழப் பாதி அளவில் வைத்துத் துண்டிப்பது அதன் ஆயுளுக்கு நல்லது. டயர்களில் காற்றைச் சற்றுக் கூடுதலாக, ஆனால் டயரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல், நிரப்பிவிட்டு, மாதம் ஒருமுறை சக்கரம் கால்வட்டம் சுழலும் அளவுக்கு வேனை நகர்த்துங்கள். கைபிரேக்கை இழுத்து வைத்தால் ஈரத்தில் பிரேக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, கியரில் நிறுத்துங்கள். டீசல் வேன் என்றால் தொட்டியை நிரப்பியே வையுங்கள், ஏனென்றால் இங்கு விற்கும் டீசலில் கலந்துள்ள பாமாயில் எரிபொருள் ஈரத்தை ஈர்க்கும்.

ஆறாம் படி: மூடுதல்

தார்ப்பாய் வேண்டாம். காற்றுப் புகும் துணியுறை போதும். அதையும் சன்னல் இடைவெளிகளை அடைக்காதபடி போடவேண்டும். கூரையுள்ள கார் போர்ச் கிடைத்தால் உறையே தேவையில்லை. உறையின் மடிப்புகளில் மழைநீர் தேங்குகிறதா என்று ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பார்த்துத் தட்டிவிடுங்கள், கொசு அங்கும் முட்டையிடும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பினாங்கில் மழை குறைந்து வெயில் ஏறும். அப்போது உறையை ஒரு நாள் முழுவதும் எடுத்துவிட்டு, கதவுகளைத் திறந்து வைப்பதைத் தவறவிடாதீர்கள்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை உறுமவிட்டு அணைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த ஐந்து நிமிடத்தில் எஞ்சின் சூடாகாது, புகைக்குழாயில் நீர்தான் சேரும். அரை மணிநேரம் சாலையில் ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

தைப்பூசத்துக்குப் பிறகு வேனை எடுக்கும் நாளில், பேட்டரியின் நேர்முனையை முதலிலும் எதிர்முனையைக் கடைசியிலும் இணைத்து, பானட்டுக்குள் எலிக்கூடு உள்ளதா என்று பார்த்த பின்னரே எஞ்சினை இயக்குங்கள். நீர்த்தொட்டியை இருமுறை நிரப்பிக் கொட்டிவிட்டு மூன்றாம் முறை நிரப்பிய நீரையே புழங்குங்கள். பிரேக் வட்டில் படிந்த துரு தேய்ந்து போகும்வரை தாமானுக்குள்ளேயே மெதுவாக இரண்டு சுற்று ஓட்டி, பிரேக் சரியாகப் பிடிக்கிறது என்று உறுதியான பிறகு பெருஞ்சாலைக்குச் செல்லுங்கள்.