ஹாக்ஸா பிளேடு போதாது: கார் ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைச் சரியாக வைப்பது எப்படி?

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ வயதான மெக்கானிக் ஒருவரிடம், பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கொடுத்துப் பாருங்கள். அவர் கை தானாக இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடைத் தேடும். பிளேடை, பொறி தாண்டும் இரண்டு முனைகளுக்கும் நடுவில் விட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டி, "போட்டுக்கொள்ளுங்கள் தம்பி" என்பார். இதற்கு ஒரு காலத்தில் முழு நியாயம் இருந்தது. ஹாக்ஸா பிளேடின் தடிமன் சுமார் 0.63 மி.மீ. அம்பாசடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டிய இடைவெளி 0.025 அங்குலம், அதாவது சுமார் 0.64 மி.மீ. கணக்கு அப்படியே பொருந்தியது. ஆனால் இன்றைய பெட்ரோல் கார்களில் பல 1.0 முதல் 1.1 மி.மீ. வரை கேட்கின்றன. அவற்றுக்கும் அதே பிளேடை விடுவது தவறு. உங்கள் காருக்கு உரிய எண்ணைத் தெரிந்துகொண்டு, அளந்து வையுங்கள். முதல்முறை செய்பவர்களாலும் இது முடியும்.

இடைவெளி குறைந்தால் பொறி சிறுத்துவிடும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சரியாகப் பற்றாது. கார் நிற்கும்போது எஞ்சின் நடுங்கும். கூடினால் பொறி தாண்டுவதற்கு, பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் அதிக வோல்டேஜ் கொடுத்தாக வேண்டும். திருமயம் சாலையில் ஒரு லாரியை முந்த ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறீர்கள் என்று வையுங்கள். அப்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், பொறி தாண்டுவது இன்னும் கடினமாகும். வண்டி இடறுவது அந்த நேரத்தில்தான். ஓட ஓட முனைகள் தேய்வதால், சரியாக வைத்த இடைவெளியும் நாளடைவில் அகன்றுகொண்டே போகும்.

எண்ணைக் கண்டுபிடியுங்கள்

காருடன் வந்த கையேட்டில் இருக்கும். சில கார்களில் பானட்டின் அடியில் ஒட்டிய தாளிலும் இருக்கும். என்ஜிகே நிறுவனத்தின் பிளக்குகளில், பிளக்கின் வகை எண் 11 என்று முடிந்தால் 1.1 மி.மீ. என்று பொருள். இருந்தாலும் கையேட்டின் எண்ணே முடிவானது. டீசல் காரில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது.

கழற்றுவது

ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளும் முனையை வளைக்கும் வளைப்பானும் உள்ளது), பிளக் சாக்கெட் (பெரும்பாலும் 16 அல்லது 21 மி.மீ.), அதைத் திருப்பும் ராட்செட் கைப்பிடி, நீட்டிப்புக் கம்பி, ஒரு சைக்கிள் பம்பு ஆகியவை வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக் பூட்டியிருக்கும் அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது திருகினால் மரையே பிய்ந்து வரக்கூடும்.

பம்பு எதற்கு என்று கேட்பீர்கள். நம் பக்கத்துச் செம்மண் புழுதி பிளக் இருக்கும் குழிக்குள் படிந்து கிடக்கும். அப்படியே கழற்றினால் அது நேராகச் சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறிவிடும். அதனால் பிளக்கில் மாட்டியிருக்கும் வயரை எடுத்த கையோடு குழிக்குள் நன்றாகக் காற்றடியுங்கள். வயரை இழுக்கக் கூடாது; ரப்பர் உறையைப் பிடித்து லேசாகத் திருகி எடுக்க வேண்டும். ஒரு பிளக்கை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் வயர்கள் மாறாது.

கழற்றிய பிளக்கின் நுனியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்ல அறிகுறி. ஈரமான எண்ணெய்க் கருப்பு என்றால் எண்ணெய் சிலிண்டருக்குள் புகுகிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகலாம், அல்லது வண்டி சரியாக ஓடாமலே நிற்கலாம். குடும்பம் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வெளியே வரும் கார்கள் செட்டிநாட்டு வீடுகளில் நிறைய உண்டு. காவலுக்கு இருப்பவர் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பார். நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் பலன் இல்லை. நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் படிந்த கரி எரிந்து போகும். காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் வரை ஒருமுறை ஓட்டிவிட்டு வருவது எவ்வளவோ மேல்.

இடைவெளியை வைப்பது

புது பிளக்கையும் அளக்காமல் போடாதீர்கள். பெட்டி கீழே விழுந்திருந்தால் முனை வளைந்திருக்கும். கேஜில் உரிய தகட்டை எடுத்து, நடு முனைக்கும் மேலே வளைந்த முனைக்கும் இடையில் விடுங்கள். தகடு இரண்டு பக்கமும் லேசாக உரசியபடி வழுக்கிப் போக வேண்டும். தடையே இல்லாமல் போனால் இடைவெளி அதிகம். நுழையவே மறுத்தால் குறைவு.

அதிகமானால், வளைந்த முனையை ஒரு மரப்பலகைமேல் மெதுவாகத் தட்டுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தட்டிப் பிளக்கையும் தரையையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். குறைவானால், கேஜில் உள்ள வளைப்பானால் அதே முனையை வெளிப்பக்கம் இம்மியளவு நெம்புங்கள். நடு முனையையும் அதைச் சுற்றிய வெள்ளைப் பீங்கானையும் தாங்குகோலாக்கி ஒருபோதும் நெம்பக் கூடாது. பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தாலும் பொறி அந்த வழியாக ஓடிவிடும். ஒவ்வொரு முறை வளைத்த பிறகும் மறுபடி அளந்து பாருங்கள்.

பழைய பிளக்கை மறுபடி போடுவதானால் தட்டைத் தகடு ஏமாற்றும். தேய்ந்த முனையில் குழி விழுந்திருக்கும். தகடு குழியின் மேலேயே நிற்கும். உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். அதற்குத் தகட்டுக்குப் பதில் உருண்டைக் கம்பிகள் உள்ள கம்பி கேஜ்தான் சரி. இரிடியம் என்ற உலோகத்தில் முனை செய்த பிளக்கின் நடு முனை ஊசி போல மெல்லியது, எளிதில் உடையும். அதைக் கம்பி கேஜால் சோதிப்பதோடு நிறுத்துங்கள். அளவு மாறியிருந்தால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

திரும்பப் பூட்டுவது

முதல் சில சுற்றுகள் கையால்தான். மரையில் உட்காரும்வரை முதலில் பின்பக்கம் அரைச் சுற்று திருப்பி, பிறகு முறுக்குங்கள். வாஷர் உள்ள புது பிளக், கையால் இறுகிய பிறகு ஸ்பானரால் அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று. ஏற்கெனவே பூட்டிய பிளக் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றே போதும். வாஷர் இல்லாத கூம்பு வகைக்குப் பதினாறில் ஒரு பங்கு. முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்திருப்பவர்கள் கையேட்டின் அளவைப் பின்பற்றலாம்.

உறையை 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தி மாட்டிவிட்டு எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். இடைவெளி சரியாக இருந்தும் வண்டி இடறினால் பிளக்கை மறுபடி தொடாதீர்கள். அடுத்து வயரையும் காயிலையும் சோதியுங்கள்.