நானோகம்பி வளர்க்கும் முன் உலையின் வெப்பத்தை அளந்துவிடுங்கள்

சிவிடி முறையில் (ஆவியிலிருந்து வேதிவினை மூலம் படியவைக்கும் முறை) துத்தநாக ஆக்சைடு நானோகம்பி, அதாவது நானோமீட்டர் அளவில் மெல்லிய படிகக் கம்பி, வளர்க்க வருபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே பொடியை உள்ளே தள்ளி உலையை ஓட்டிவிடுகிறார்கள். வேண்டாம். முதல் நாளை உலையின் வெறும் குழாய்க்கே கொடுங்கள். டிஸ்ப்ளே காட்டும் 900 டிகிரி உலையின் நடுப்பகுதிக்கு மட்டும்தான். குழாயில் ஆர்கான் வாயு ஓடும்போதே நீளமான தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) ஒன்றை நுழைத்து 2 செ.மீ.க்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வைத்தால், பின்னால் கம்பி ஏன் இந்த இடத்தில் வளர்ந்தது, அந்த இடத்தில் ஏன் வளரவில்லை என்ற கேள்விக்கெல்லாம் அந்த ஒரு தாளைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

சரி, வளர்ப்புக்கு வருவோம். துத்தநாக ஆக்சைடு பொடியையும் கிராஃபைட் பொடியையும் சம எடையில் கலந்து நன்றாக அரைத்து, அலுமினா படகில் இட்டு நடுவில் வையுங்கள். இந்தச் சூட்டில் ஆக்சைடு தானாக ஆவியாகாது, கார்பன் அதன் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்வதால்தான் துத்தநாக ஆவி கிளம்புகிறது. கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும், அதனால் வெளியேறும் வாயு கண்டிப்பாக, நச்சுக்காற்றை இழுத்து வெளியேற்றும் ஃப்யூம் ஹூடுக்குள் போக வேண்டும். சுமார் 3 நானோமீட்டர் தங்கம் பூசிய சஃபையர் துண்டை வாயு போகும் திசையில் சற்றுத் தள்ளி வையுங்கள். சூட்டில் தங்கம் துளித்துளியாகத் திரளும். துளி ஆவியை உள்வாங்கி, இனி தாங்காது என்ற நிலையில் அடியில் படிகமாக இறக்குகிறது. 1964இல் வாக்னரும் எல்லிஸும் சிலிக்கானுக்குச் சொன்ன ஆவி-திரவ-திண்ம வழி இதுதான். துளி பருத்தால் கம்பியும் பருக்கும்.

பலர் சறுக்குவது ஆக்சிஜனில். ஆர்கானோடு கலந்து விடும் ஆக்சிஜன் ஓரிரு சதவீதம் போதும். கூடினால் துண்டை எட்டும் முன்பே ஆவி ஆக்சைடாகிப் படிந்துவிடும், குறைந்தால் குழாயின் குளிர்ந்த முனையில் சாம்பல் நிற உலோகம் ஒட்டியிருக்கும். எனக்கு ஒரு மாதம் தடவைக்குத் தடவை வேறு முடிவு வந்தது, காரணம் குழாயின் வாயை அடைக்கும் ஓ-ரிங் வளையத்தில் இருந்த சின்னக் கசிவு!

அப்புறம் சோதனை. எஸ்.இ.எம்.மில் (பரப்பைக் காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) முதலில் கம்பியின் நுனியைப் பாருங்கள். தங்க உருண்டை இல்லையென்றால் வளர்ச்சி வேறு வழியில் நடந்திருக்கலாம், அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். செம்பின் எக்ஸ்-கதிரில் எடுத்த எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் சோதனை) 34.4 டிகிரி உச்சம் மட்டும் ஓங்கி நின்றால் கம்பிகள் நிமிர்ந்து நிற்கின்றன என்று கொள்ளலாம். ஒளி பாய்ச்சி அளக்கும் ஒளிர்வில் 380 நானோமீட்டர் அருகே கூர்மையான புற ஊதா உச்சமும், பச்சையில் அகன்ற ஒரு மேடும் வரும். மேடு சிறிதாக இருந்தால் நல்லது. ஆனால் அந்த மேட்டுக்கு ஆக்சிஜன் வெற்றிடம்தான் (படிகத்தில் ஆக்சிஜன் அணு விடுபட்ட இடம்) காரணம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள், அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. டிஇஎம்மில் (ஊடுருவும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) கம்பி வளர்ந்த திசையில் அணுத் தள இடைவெளி 0.26 நானோமீட்டர் வர வேண்டும். அங்கே எடுக்கும் ஈடிஎக்ஸில் (எந்தத் தனிமங்கள் உள்ளன என்று காட்டும் அளவீடு) செம்பு தெரிந்தால் பதற வேண்டாம், அது பெரும்பாலும் கம்பியைத் தாங்கும் செம்பு வலையிலிருந்து வருவது.