தீவு சின்னதுதானே என்று நினைக்காதீர்கள்: மொரிஷியஸில் அம்மாவுடன் காரில் ஒரு நாள்

மொரிஷியஸ் தீவு வடக்கிலிருந்து தெற்கே சுமார் 65 கிலோமீட்டர், கிழக்கிலிருந்து மேற்கே சுமார் 45. இந்தியா, இலங்கையைப் போலவே அங்கும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் தீவையே ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம் என்று கணக்குப் போடாதவர் இல்லை. நானும் போட்டேன். எழுபதை நெருங்கும் அம்மாவை முன் இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு ஒரே நாளில் ஏழு இடங்கள். நான்காவது இடத்தில் அவர் காரைவிட்டு இறங்கவே இல்லை. "நீ போய்ப் பார்த்துவிட்டு வா, நான் இப்படியே உட்கார்ந்திருக்கிறேன்" என்றார்.

முதல் தவறு அந்தக் கிலோமீட்டர் கணக்குதான். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் இருபுறமும் கரும்பு நெருக்கும் குறுகலான சாலைகள். ஒதுங்குவதற்கு ஓரம் இருக்காது. ஜூன் முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டும் காலம் என்பதால் பாரம் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டே இருக்கும். இதையாவது சமாளித்துவிடலாம். நாம் கால் மணி நேரம் என்று குறித்துவைக்கும் இடம் பெற்றோருக்கு முக்கால் மணி நேரம் என்பதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெல்ட்டைக் கழற்றி, கதவைப் பிடித்து இறங்கி, மரத்துப்போன காலை இரண்டு முறை உதறி, பிறகுதான் நடை தொடங்கும். ஒரு நாளுக்கு மூன்று இடங்கள் போதும். நான்காவதை மறுநாளுக்குத் தள்ளுங்கள்.

அடுத்த தவறைச் செய்து முடித்த பிறகுதான் எனக்கே புரிந்தது. மேற்குக் கரை வழியாகத் தெற்கே இறங்கி, லெ மோர்ன் மலையைச் சுற்றி, தென்கரையில் கிழக்கு நோக்கிப் போனோம். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் இப்படிப் போனால் கடல் வலப்பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம் வரும். சாலையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாத எனக்குக் கடல். கடலைப் பார்க்க வந்த அம்மாவுக்குக் கரும்பு. "நாள் முழுக்கக் கரும்பைத்தான் பார்த்தேன்" என்று இரவு சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அதே சாலையில் எதிர்த்திசையில் போனோம். காலையில் மலைமேல் கிராண்ட் பாசின் ஏரி, அங்கிருந்து புவா ஷெரி தேயிலைத் தோட்டங்கள் வழியாகத் தெற்கே சூயாக், பிறகு கடலோரமாகவே மேற்கே பே டு காப், மக்கோண்டே வளைவு, லெ மோர்ன். கடல் முழுவதும் அம்மாவின் ஜன்னலில். சாமரேலின் ஏழு வண்ண மண்ணையும் அருவியையும் இதே நாளில் திணிக்கச் சிலர் ஆசைப்படுவார்கள். அங்கே போகும் சாலை செங்குத்தான கொண்டைஊசி வளைவுகள் கொண்டது. களைத்த வயிற்றோடு அதில் ஏற்றிச் செல்வது அம்மாவுக்கு நாம் செய்யும் நன்மை அல்ல.

தண்ணீர் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் பயணத்தன்று பகல் இரண்டு மணிக்கு அம்மாவின் பக்கத்தில் இருந்த பாட்டிலை எடுத்தேன். காலையில் நான் கொடுத்தபடியே மூடியின் வளையம்கூட உடையாமல் இருந்தது. "ஏனம்மா குடிக்கவில்லை?" "குடித்தால் வழியில் எங்கே இறங்குவது?" வெப்பமண்டல வெயிலில் ஆறு மணி நேரம், கழிப்பறைக்குப் பயந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்திருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் சிறுநீரைப் பெருக்கும் என்பதால் அதையும் பயண நாளில் ஓசைப்படாமல் தவிர்த்துவிடுகிறவர்கள் உண்டு. நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். காட்சி முனைகளைக் குறிப்பதற்கு முன்னால் கழிப்பறைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், அந்தப் பட்டியலைக் காலையிலேயே அவரிடம் வாய்விட்டுச் சொல்வது. இரண்டாம் முறை நான் சொன்னேன். பதினொரு மணிக்குள் பாட்டில் பாதி காலியாகியிருந்தது.

கடிகாரமும் ஏமாற்றும். மொரிஷியஸ் நேரம் இந்திய, இலங்கை நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். ஊரில் ஐந்தரைக்கு எழுகிறவர் அங்கே நான்கு மணிக்கே குளித்துத் தயாராகி உட்கார்ந்திருப்பார். ஒன்பதரைக்குக் கிளம்பி ஒன்றரைக்குச் சாப்பிடலாம் என்பது நமக்குச் சரி. அவருடைய வயிற்றுக்கு அப்போது மூன்று மணி. ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள். காலைநேரத்தில் மேட்டுநிலத்தில் மேகமும் குறைவாக இருக்க வாய்ப்புண்டு.

தீவு என்றாலே வெயில் என்று மெல்லிய உடையோடு கிளம்புவதும் வழக்கம். கிராண்ட் பாசின் கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் அங்கே காற்று ஊசியாகக் குத்தும், தூறலும் சேரும். ஒரு சால்வை காரிலேயே கிடக்கட்டும். கையில் பழப்பையோடு இறங்க விடாதீர்கள். குரங்குகள் பார்த்துக்கொண்டே இருக்கும்.

தீவின் பெரும்பகுதியைச் சுற்றிப் பவளப்பாறை அரணாக நிற்பதால் கடல் குளம்போல் இருக்கும். சூயாக்கை அடுத்த கிரி கிரி கடற்கரையில் அந்த அரண் இல்லை. அலை நேராகப் பாறையில் வந்து மோதும். காலை நனைக்கலாம் என்று அம்மாவைக் கீழே இறக்கிச் செல்ல வேண்டாம். மேலே இருந்து பார்ப்பதற்கான இடம் அது.

"களைப்பாக இருக்கிறதா?" என்று கேட்பதும் ஒரு தவறுதான். எந்தத் தாயும் ஆமாம் என்று சொல்ல மாட்டார். நான் கேட்பதை விட்டுவிட்டு, "எனக்கு முதுகு வலிக்கிறது, கொஞ்சம் நிறுத்துகிறேன்" என்று சொல்லத் தொடங்கினேன். உடனே இறங்கிவிடுவார். அப்படி நிறுத்திய ஓரிடத்தில் இளநீர் வாங்கி மீதிச் சில்லறையை அவர் கையில் கொடுத்தேன். மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தொகை தமிழிலும் அச்சிடப்பட்டிருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார், நோட்டைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி படித்தார். அன்று பார்த்த எந்த இடத்திலும் அவர் இவ்வளவு நேரம் நிற்கவில்லை.

திரும்பும் நேரத்தை மாலைச் சூரியனிடம் ஒப்படைக்காதீர்கள். ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். டிசம்பரில் ஆறே முக்கால் வரை இருக்கும். அந்திவெளிச்சம் நீடிப்பதில்லை, சட்டென்று இருட்டும். கரும்புக்கு நடுவே விளக்கில்லாத சாலையில் நடந்து போகிறவர்களும் நாய்களும் கடைசி நொடியில்தான் தெரிவார்கள். நாங்கள் போயிருந்தது ஒரு ஜூலை மாதம். இரண்டாம் முறை லெ மோர்ன் கடற்கரையில் சவுக்கு நிழலில் அரைமணி உட்கார்ந்துவிட்டு நான்கு மணிக்கே வண்டியை எடுத்தேன். கடற்கரையில் கூட்டம் அப்போதுதான் சேரத் தொடங்கியிருந்தது. அம்மா ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டார்.